டேங்கருக்கு அடியில் இரண்டு கால்கள்

மணலியில் ஓர் எடை மேடையில் வேலை பார்க்கிறேன். டேங்கர் லாரி மேடையில் ஏறி நின்றதும் எடை பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் எந்த லாரியும் கேட்டைத் தாண்ட முடியாது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாத்தூர் பக்கம், என் கண்ணெதிரே ஒரு சைக்கிள்காரர் மீது லாரி ஏறிவிட்டது. ஒரு மாதம் கழித்து, மேடையில் நிற்கும் லாரிகளுக்கு அடியில் எனக்குக் கால்கள் தெரிய ஆரம்பித்தன. செருப்பில்லாத இரண்டு கால்கள். குதிகால் வெடிப்புகூடத் தெரியும்.

முதல் தடவை கத்திவிட்டேன். காவலாளி குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை சூப்பர்வைசரே வந்தார்.

"இன்னாமா, டெய்லி ஒரு பொணம் காட்டிக்கினு கீற. ரெண்டு நாள் வூட்ல படுத்துத் தூங்கு."

எல்லோரும் சிரித்தார்கள். தாயத்துக் கட்டலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா மாத்திரை எழுதினார். "கால் தெரிஞ்சா கிட்டப் போய்த் தொட்டுப் பாருங்க. கண்ண மட்டும் நம்பாதீங்க" என்றார்.

அன்றே முடிவு செய்தேன். இனிமேல் கத்தவும் கூடாது, பார்க்காத மாதிரி இருக்கவும் கூடாது. கால் தெரிந்தால் சீட்டை நிறுத்திவைத்து, இறங்கிப் போய்த் தொட்டுப் பார்ப்பது. அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு தடவையும் கைக்கு வெறும் தரைதான் கிடைத்தது. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் கரண்ட் போய், ஒரு டேங்கர் மேடையிலேயே அரைமணி நேரம் நின்றது. அதன் டிரைவர் டீ குடிக்கப் போனார், நான் சாப்பிடப் போனேன். கரண்ட் வந்ததும் எடை பார்த்துச் சீட்டை எடுத்தேன். பின்சக்கரத்தை ஒட்டி அதே கால்கள்.

டிரைவர் எஞ்சினைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"எஞ்சின ஆஃப் பண்ணுங்கண்ணே."

"இன்னாக்கா, மறுபடியும் காலா?"

"ஆமாண்ணே. பாத்துட்டுத்தான் சீட்டு தருவேன்."

சூப்பர்வைசர் போன் செய்து வண்டியை அனுப்பச் சொன்னார். சீட்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டு இறங்கினேன். இந்தக் கால்கள் நிஜம் என்று எனக்கும் தோன்றவில்லை. மண்டியிட்டுக் கையை நீட்டினேன்.

சூடாக இருந்தது. கால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

"இன்னா, லைன் நகுந்துச்சா?" என்று தூக்கக் குரல் கேட்டது.

வரிசையில் பின்னால் நின்ற லாரியின் டிரைவர் அவர். நிழலுக்காக உள்ளே போய்ப் படுத்திருக்கிறார். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தவரின் சட்டையை டேங்கர்காரர் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். தோளைத் தொட்டுவிட்டு, வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. பொய்க் காலும் நிஜக் காலும் ஒரே மாதிரிதான் இருந்தன.

மறுநாள் முதல், ஒவ்வொரு வண்டிக்கும் காவலாளி குனிந்து பார்த்த பிறகே சீட்டு என்று சூப்பர்வைசர் உத்தரவு போட்டார். மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. கால்கள் இப்போது எப்போதாவதுதான் வருகின்றன. காவலாளி இல்லையென்று சொன்னாலும் நான் இறங்கிப் போகிறேன்.