கைராசிக்காரர் போட்ட சாவி

என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, எங்கள் பெரியவருக்கு, கைராசி உண்டு என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் கேள்வி கேட்காத சங்கதி. யார் வீட்டில் போர் போட்டாலும் முதலில் கடப்பாரை பிடிப்பது அவர்தான். யார் கடை திறந்தாலும் முதல் போணி அவர் கையால்தான். அவர் கை வைத்து விளங்காமல் போன கடைகளும் இருக்கின்றன. அதையெல்லாம் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நான் வைத்திருக்கிறேன். எனக்கு வேறு என்ன வேலை?

வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு அவர் ஓட்டிய காரை நான் ஓட்ட ஆரம்பித்தேன். ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவேன். பொம்பளை டிரைவர் என்பதாலேயே அந்தத் தாய்மார்கள் நம்பி அனுப்பினார்கள். நானும் என் மகளும் வேப்பம்பட்டில் பெரியவர் வீட்டு மாடியில்தான் இருந்தோம், இருக்கிறோம். வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக, கீழ்வீட்டில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் நான் மாடிப்படியில் எதிரே இறங்கக் கூடாது. இந்த வண்டி ஒரு வருஷம் ஒழுங்காக ஓடினால் தனி வீடு பார்த்துப் போய்விடலாம் என்று இருந்தேன். என் ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

கோடை லீவு தொடங்கும்போது வண்டி புகை கக்க ஆரம்பித்தது. அண்ணனூரில் ரயில் பாதைக்குப் பின்னால் தனியாக ஷெட் வைத்திருந்த மெக்கானிக், இன்ஜினை முழுசாகப் பிரித்துக் கட்டினால்தான் உண்டு என்றார். லீவு முழுக்க அந்த வேலைதான். பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமை வண்டி வராவிட்டால் பிள்ளைகளை வேறு வேனில் சேர்த்துவிடுவோம் என்று தாய்மார்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை முதல் ஸ்டார்ட். ராகு காலம் கழிந்து, பன்னிரண்டு மணிக்கு மேல் என்று பேச்சு. காலையில் மெக்கானிக் உள்ளே கழுவ ஊற்றியிருந்த ஆயிலை அடியிலிருந்து மொத்தமாக இறக்கிவிட்டார். புது ஆயில் கரையான்சாவடியில் ஒரே ஒரு கடையில்தான் ஒழுங்காகக் கிடைக்கும் என்று பைக்கை எடுத்தவர், போகும்போது என்னிடம் சொன்னார்:

"யக்கா, நான் வர்ற வரிக்கும் எவனும் சாவி மேல கை வெக்கக் கூடாது. ஆயில் ஊத்தி, பிளக்கக் கழட்டிட்டு, சும்மா செல்ஃப் அடிச்சி, ஆயில் மேல ஏறுதான்னு பாக்கணும். அப்பாலதான் ஸ்டார்ட்டு."

சாவி என் கைப்பையில் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு பாதுகாப்பு.

பத்து மணிக்கே ஆட்டோ வந்து நின்றது. மாலை, பூசணிக்காய், எலுமிச்சம்பழத்தோடு பெரியவர் இறங்கினார். பின்னால் ஆரத்தித் தட்டோடு அவர் மனைவி, என் ஓரகத்தி.

"இன்னாம்மா, வண்டி ரெடியாகீதா?"

"இல்ல மாமா. ஆயில் ஊத்தல. வாங்கியாரப் போய்கீறாரு."

"மத்தியானம் எனக்கு வேற சோலி கீது. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்குள்ள ஒரு தபா போட்டு நிறுத்திட்டா நல்ல நேரத்துல போட்டதாயிடும்."

"ஆயில் இல்லாம போட்டா இன்ஜின் காலியாயிடும் மாமா!"

"நானும் வண்டி ஓட்டுனவன்தான். ரெண்டு நிமிஷத்துல இன்னா ஆயிடப்போவுது?"

அவர் ஓட்டியது மொபெட்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். மஞ்சள் குங்குமம் வைத்த சாவி. என் வீட்டுக்காரர் காரியத்தன்று, பத்திரமாக இருக்கட்டும் என்று பெரியவர் எடுத்து வைத்துக்கொண்ட ஸ்பேர் சாவி. அப்படி ஒன்று இருப்பதையே நான் மறந்திருந்தேன். "வேணாம் மாமா, போடாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஓரகத்தி ஆரத்தித் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் என் முழங்கையை இறுக்கினாள்.

"ஆரத்திக்கு முன்னால வந்து நிக்காத. அப்பால போ."

கையை உதறிக்கொண்டு நான் கதவருகே போவதற்குள் அவர் உள்ளே ஏறி உட்கார்ந்து சாவி போட்டுவிட்டார். அய்யோ, என்ன அழகாக ஸ்டார்ட் ஆனது! அதை நினைத்தால்தான் இன்னும் என் வயிறெரிகிறது. ஒரே அடியில் பிடித்துக்கொண்டது. பெரியவர் சிரித்தபடி ஆக்சிலேட்டரை மிதித்தார். மீட்டர் கண்ணாடிக்குள், ஆயில் இல்லை என்று காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து, சாவியைத் திருப்பி நிறுத்தக் கையை உள்ளே விட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு இன்னும் மிதித்தார். உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம் வந்தது, பிறகு அரைக்கிற சத்தம். பிறகு வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் இன்னும் நசுங்காமல் இருந்தது.

மெக்கானிக் வந்து, செல்ஃப் அடித்துப் பார்த்தார். அசையவில்லை. ஆயில் டின்னைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்ஜின் ஜாமாயிட்ச்சிக்கா. மொத்தமும் போச்சி," என்றார்.

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். "நல்ல காரியம் நடக்கச்சொல்ல அப்படியா கத்துவ? வாய வெச்சல்ல, போச்சி."

பெரியவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே கண் கலங்கியிருந்தார். "நேரம் நல்ல நேரம்தான்மா," என்றார். "நடுவுல அபசகுனமா ஒரு சத்தம் வந்துட்ச்சி. இன்னா பண்றது." அந்த மனுஷன் நடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அதை நம்பினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பூசணிக்காயை எடுத்து அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். மாடி வீடு ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் மஞ்சள் வேனில் ஏறிப் போனார்கள். என் காரை அக்கக்காக விற்றோம்.

கொஞ்ச நாள் கழித்துப் பெரியவர் ஒரு பழைய கார் வாங்கினார். "உனக்காகத்தான்மா வாங்குனேன்," என்றார். வண்டி அவர் பேரில். நான் டிரைவர், மாசச் சம்பளம். ஏர்போர்ட், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எங்கே சொன்னாலும் போகிறேன். தனி வீட்டுப் பேச்சை என் மகள் இப்போது எடுப்பதில்லை.

தினமும் விடிந்ததும், கீழே யாரும் எழுவதற்கு முன் நான் இறங்கி வந்து பானெட்டைத் திறக்கிறேன். ஆயில் பார்க்கிறேன், தண்ணீர் பார்க்கிறேன், மூடிவிடுகிறேன். பிறகு பெரியவர் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்து சாவி போடுவார். முதல் சாவி அவர் கையால்தான். அப்போது நான் எதிரே நிற்கக் கூடாது.

"என் கை பட்டு இந்த வண்டி ஒரு நாள் நின்னதில்ல," என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்கிறார். இன்று காலையிலும் எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார். நான் கேட்டுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.