மூணுல எத அனுப்ப

இத எழுதவே வேண்டாம்னுதான் இருந்தேன். வெள்ளிக்கெழம லீவு, தூங்கியிருக்கலாம். ஆனா இந்த மஸ்கட்ல ஒரு விசித்திரத்தக் கண்டேன், நம்ம விக்கிரமசிங்கபுரத்துப் பயலுவளுக்குச் சொல்லாம இருக்க முடியல. இங்கன பரீட்ச எழுதுனவங்களே, எந்த மார்க்க வெளிய காட்டலாம்னு முடிவு பண்ணுதாங்க.

நான் காரோட்டுத வீட்டு அண்ணாச்சி பாளையங்கோட்டைக்காரரு. அவரு மக ஷைனிக்கு அமெரிக்காவுல போய்ப் படிக்கணும். அதுக்கு எஸ்.ஏ.டி.ன்னு ஒரு பரீட்ச. இங்கிலீஷு, கணக்கு, ரெண்டே பாடம். பல தடவ எழுதலாம். மூணு தடவயும் நாந்தான் கொண்டு போய் விட்டேன். மொத தடவ, கேட்டுல நின்ன சூடான்காரரு என்னையும் எழுத வந்தவன்னு நெனச்சு அனுமதி அட்ட கேட்டாரு. லைசென்ஸக் காட்டுனேன். வரிசையில நிக்கச் சொன்னாரு. "நோ சார், டிரைவர்"னேன். படிச்சா மாறிரும்ங்கற மாதிரி தோளத் தட்டுனாரு. பிளஸ் டூவுக்கு அப்புறம் என்ன நம்பிப் பரீட்ச ஹாலுக்குள்ள விடப் பாத்த ஒரே மனுசன் அவருதான்.

ஷைனிக்கு மொத தடவ இங்கிலீஷு தூக்கலு, கணக்கு படுத்துட்டு. ரெண்டாவது தடவ கணக்கு எந்திரிச்சிட்டு, இங்கிலீஷு படுத்துட்டு. மூணாவது தடவ காய்ச்சலோட போனா, ரெண்டும் சேந்து படுத்துட்டு. அவ போகணும்ங்கற காலேஜு, ஒவ்வொரு பாடத்துலயும் நல்ல மார்க்கப் பொறுக்கிக் கூட்டிக்கிடுமாம். எல்லாத்தையும் அனுப்புன்னும் கேக்கல. அதனால மொத ரெண்ட மட்டும் அனுப்புதேன்னா. மூணாவதப் பாத்தா உதவித்தொகைய நிறுத்திருவாங்களோன்னு பயம். அது இல்லன்னா அமெரிக்காவும் இல்ல. அண்ணாச்சி மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரு மவன். வேலைக்கு மனு போட்டாக்கூட தடுப்பூசிச் சீட்டு வரைக்கும் அட்டெஸ்டேஷன் வாங்கிச் சேத்து அனுப்புத ஆளு. மூணும் போகணும்னுட்டாரு.

மார்க்கு அனுப்பக் கடைசி நாளன்னைக்குக் காருக்குள்ள சண்ட.

"கேக்காதத எதுக்குப்பா குடுக்கணும்?"

"ஒளிக்கதுக்கு என்ன பேரு தெரியுமாட்டி?"

"ஸ்கோர் சாய்ஸ். பரீட்ச நடத்துதவங்களே வச்ச பேரு."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "ஏலே, நீ சொல்லு"ன்னாரு.

எங்கப்பா கதையச் சொன்னேன். நான் பிளஸ் டூவுல தமிழ்ல மட்டுந்தான் பாஸு. அப்பா மில்லுல ஷிப்டு முடிச்சுச் சைக்கிள உருட்டிட்டு வருவாரு. மார்க்கு கேட்டவங்க எல்லாத்துட்டயும் "தமிழ்ல எழுவத்தெட்டு"ம்பாரு. அடுத்த பாடத்தக் கேக்கதுக்குள்ள சைக்கிள்ல ஏறிருவாரு.

"அப்படி ஒளிச்சுதாம்லே நீ இங்கன வந்து வண்டி ஓட்டுத."

"அதுவும் இந்த ஊரு லைசென்ஸ் டெஸ்ட்ல மூணு தடவ பெயிலு அண்ணாச்சி. நீங்க பாஸானத மட்டுந்தான் பாத்திய."

அண்ணாச்சி பைய சீட் பெல்ட்ட இழுத்து மாட்டுனாரு. பின் சீட்டுல ஷைனி போன எடுத்து ரெண்ட மட்டும் தட்டி அனுப்பிட்டா. கண்ணாடியில பாத்தேன். அவரும் பாத்தாரு. "வண்டிய எடுலே"ன்னாரு.

ரூமுக்கு வந்து என் போன எடுத்தா, அம்மாவுக்கு அனுப்ப மூணு போட்டோ கெடக்கு. ஒண்ணு அண்ணாச்சி கார்ல நான் சாஞ்சுகிட்டு. ஒண்ணு கடக்கரையில கண்ணாடி போட்டுகிட்டு. மூணாவது, ஆறு பேரு கெடக்க ரூமுல, தலைக்கு மேல ஈரச் சட்டையெல்லாம் தொங்க, கட்டில்ல உக்காந்து குழம்பு ஊத்திச் சாப்பிட்டுகிட்டு. எப்பவும் மொத ரெண்டு மாதிரிதான் போகும். அந்தக் கட்டில்ல இருக்கவன ஊருல இன்னும் யாரும் பாத்ததில்ல.

இத எழுதி, மொத ரெண்டு போட்டோவையும் சேத்து, ஊருல சேக்காளி இசக்கிக்கு அனுப்பி, எப்படி இருக்குலேன்னு கேட்டேன். பதில் வந்துட்டு:

"மூணாவதயும் அனுப்புலே."