இடக்கைக்கு ஒரு திருகு

லேத்தில் பித்தளைத் துண்டு சுழல, பொன்னிறச் சுருள்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. என் கண்ணில் இன்னும் நிற்பது அதைக் கடைந்தவரின் வலக்கைதான். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லாத கை. ஓசூர்க் கம்பெனியில் நான் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தபோது அவர் தகடு வெட்டும் பிரஸ் இயந்திரத்தின் ஆபரேட்டர், விருதுநகர்ப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணன். ஞாயிறுகளில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பார். உற்பத்தி குறைகிறதென்று பிரஸ்ஸின் பாதுகாப்புத் தடுப்பை ஒதுக்கிக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு மதியம் விரல்கள் போயின. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதி நிர்வாகம் கையைக் கழுவிக்கொண்டது.

அதன்பின் கேமராதான் அவருக்குப் பிழைப்பு. அடியில் ஒரு கைப்பிடியை மாட்டி, இடக்கையால் பிடித்து, பிடியிலிருந்த பொத்தானை அழுத்தியே படமெடுக்கப் பழகினார். பிடியைக் கேமராவோடு இணைக்கும் திருகு ஒருநாள் உடைந்தது. பெங்களூர் வரை தேடியும் அந்த அளவில் கிடைக்கவில்லை. மறுநாள் பாரூரில் முகூர்த்தம். வேறு வழியின்றி, லேத் இருந்த எங்கள் டூல் ரூமுக்கே வந்து நின்றார். மேனேஜர் அரைமனதோடு அனுமதித்தார்.

“நீ உக்காருண்ணா, நாங்க கடைஞ்சு தர்றோம்” என்றார்கள் பழைய கூட்டாளிகள்.

“வேணாம்ப்பா. மெஷினத் தொட்டே ரொம்ப நாளாச்சு. நானே பாத்துக்கிறேன்.”

லேத்தை ஓடவிடும் முன் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். திருகின் மரை சரியாகவே விழுந்தது. ஆனால் திருகு சற்று நீளமாகிப் பிடி ஆடியது. நுனியை அரத்தால் தேய்த்துத் தேய்த்து மாட்டிப் பார்த்தார். கடைசியில் அசையாமல் உட்கார்ந்தது. சோதித்துப் பார்க்கக் கேமராவைத் தூக்கியவர், பிரஸ் பக்கம் திரும்பினார். தடுப்பு அப்போதும் கட்டித்தான் இருந்தது. ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த பெண் ஒருத்தி தகடு வைத்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்தார்.

மேனேஜர் பாய்ந்து வந்தார். “அத எதுக்குப்பா எடுக்கற? டெலீட் பண்ணு!”

“என் கவனக்குறைவுன்னு எழுதுனீங்கள்ல சார். நாளைக்கு இந்தப் பொண்ணுக்கும் அதையேதான் எழுதுவீங்களா?”

அவர் படத்தை அழிக்காமலே கேமராவோடு வெளியேறினார். சில நாட்களில் தடுப்பு பழைய இடத்துக்கு வந்தது. அவரை மட்டும் அதன்பின் கேட்டுக்குள் விடவில்லை.

அண்மையில் ஜூஜுவாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நலம்கூட விசாரிக்காமல் கேட்டார்: “தடுப்பு இருக்காம்மா?”

“ஆர்டர் நெறய வந்துச்சுன்னு போன மாசம் மறுபடியும் கட்டிட்டாங்கண்ணா. ஆள் பத்தலன்னு தரம் பாக்குறவங்களையும் பிரஸ்ல போடுறாங்க.”

“இப்ப அதுல யாரு?”

மேடையிலிருந்து அவரைப் படமெடுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் நகரவில்லை.

“நான்தாண்ணா” என்றேன்.