கமலாக்காவின் பாட்டிலும் என் பாட்டிலும்

போன மாதம் ஒரு புதன்கிழமை, என் மகள் வயதுள்ள ஒரு டாக்டர் முன்னால், ஹோம்வொர்க் செய்யாமல் மாட்டிக்கொண்ட ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நின்றேன். பக்கத்தில் கமலாக்கா. எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் நூறைத் தாண்டும். திட்டு மட்டும் ஆளுக்குச் சரிபாதியாகக் கிடைத்தது.

அப்படி என்ன செய்துவிட்டோம்? திருடவில்லை. யாரையும் அடிக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் தினமும் செய்கிற நல்ல காரியத்தைத்தான் செய்தோம்... செய்த இடம்தான் தப்பு.

எனக்கு முட்டி வலி. ஜோகுபாளையத்தில் என் எதிர்வீட்டுக் கமலாக்காவுக்கும் முட்டி வலி. எனக்காவது உட்கார்ந்து எழுதுகிற வேலை; வலித்தால் காலை நீட்டிக்கொள்ளலாம். அவருக்கு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். நம் ஊர் பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்று, முட்டி நன்றாக இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. கமலாக்கா கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் கண்டக்டர் "பேக பேக" என்று கன்னடத்தில் விரட்ட ஆரம்பித்துவிடுவார். இப்படியே போனால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஒரு ஆஸ்பத்திரியில் நோட்டீஸ் பார்த்தோம். முட்டி வலிக்குப் புது மருந்து, பரிசோதனைக்கு ஆட்கள் தேவை. இருவரும் பெயர் கொடுத்தோம்.

"நீ என்ன எலியா?" என்றார் என் கணவர்.

எலிக்கு யாரும் காபி கொடுத்து, நான்கு பக்கப் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டி, 'இஷ்டம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்' என்று சொல்வதில்லை என்றேன். அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

டாக்டர் ஷோபா கன்னடக்காரர். தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். ஆனால் பொறுமைசாலி.

"நோடி அம்மா, சில பாட்டில்ல மருந்து இருக்கு. சில பாட்டில்ல சும்னே மாவு மாத்திரை. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி. யாருக்கு எது வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. தினம் ஒண்ணு சாப்பிட்டு, வலி எவ்ளோன்னு கார்டுல எழுதணும். வேற யாருக்கும் கொடுக்கவே கூடாது, ஆயித்தா?"

ஆயிற்று என்று தலையை ஆட்டினோம். பெரிதாகவே ஆட்டினோம்.

ஒரு மாதம் போயிற்று. கமலாக்கா மொட்டைமாடிக்குப் போய்த் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டார். பஸ் ஏறுகிற அழகை எனக்கு நடித்தே காட்டினார். நானோ கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே கட்டிலின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் அவர் சாம்பார் கிண்ணத்தோடு வந்தார். இன்னொரு கையில் அவருடைய மாத்திரை பாட்டில்.

"உனக்கு ஒண்ணுமே கேக்கல பத்மா. பாக்கவே பாவமா இருக்குது. எனக்குத்தான் தேவலையே... ஒரு வாரம் இத நீ சாப்புடு."

எங்கள் தெருவில் கிண்ணம் காலியாகத் திரும்பியதில்லை. பாட்டிலை மட்டும் சும்மா வாங்கிக்கொள்வேனா? என்னுடையதை எடுத்து அவர் கையில் வைத்தேன். அடுத்த வாரம் திருப்பி மாற்றிக்கொண்டோம். அதற்கடுத்த வாரம் மறுபடியும்...

'யாருக்கும் கொடுக்கக் கூடாது' என்று சொன்னார்களே என்று கேட்டேன்.

"நாம எங்க யாருக்கோ கொடுத்தோம்? நமக்குள்ளதானே!"

நியாயமாகத்தான் பட்டது. நமக்கு எதையும் தனியாகச் சாப்பிட வராது – மாத்திரையைக்கூட. தலைவலி என்று வாயைத் திறந்தால் போதும், 'எனக்கு உடனே கேட்டுச்சு, நீயும் ஒண்ணு போடு' என்று ஹேண்ட்பேகைத் திறக்கிறவர்கள் நாம். யாராவது இல்லை என்று சொல்லுங்கள் பார்க்கலாம்?

அந்தப் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் மீதி மாத்திரைகளை எண்ணினார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதானே சாப்பிட்டோம்? எண்ணிக்கை அச்சடித்த மாதிரி சரியாக இருந்தது.

"எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்" என்றார் டாக்டர் ஷோபா. எனக்குப் பாட்டில் மாறியது நினைவுக்கு வந்தது. ஆனாலும் சிரித்துவைத்தேன்.

வெளியே பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஸ்ரீராம்புரத்துக்காரர், தெருப் பெருக்குகிற வேலை என்றார். முட்டியைத் தடவிக்கொண்டே கமலாக்காவைக் கேட்டார்.

"அக்கா, இந்த மாத்திர நல்லா கேக்குதா? குனிஞ்சா நிமிர முடியல. நீ சொன்னா நானும் பேரு குடுக்கறேன்."

கமலாக்கா அந்த அம்மாவின் முட்டியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"உள்ள போலாம் வா."

எனக்குப் புரிந்துவிட்டது. "சும்மா இரு அக்கா! சொன்னா நிறுத்திடுவாங்க. அப்புறம் பஸ்ஸுக்கு என்ன பண்ணுவே?"

"தெரியுது. ஆனா அந்தம்மாக்கு நான் என்னன்னு சொல்றது? எது கேட்டுச்சுன்னு எனக்கே தெரியலயே பத்மா."

வெட்கமாக இருந்தது எனக்கு. சொல்லலாமா வேண்டாமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது என் முட்டிக்காக இல்லை, அவர் முட்டிக்காகத்தான். அவரோ அதை நினைக்கவே இல்லை.

சொல்லிவிட்டோம். டாக்டர் ஷோபா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"யாக்கே? எதுக்கும்மா இப்படி பண்ணீங்க? நடுவுல உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா? அவசரத்துல நான் சீல் வெச்ச லிஸ்டைப் பிரிச்சுப் பாத்து ஒண்ணுன்னு நினைச்சிருப்பேன், உங்க வயித்துல இன்னொண்ணு இருந்திருக்கும்! எப்படி காப்பாத்தறது?"

கோபத்தில் தொடங்கிய குரல் கடைசியில் கம்மிவிட்டது. எங்களுக்காகப் பயந்திருக்கிறாள் அந்தப் பெண். கமலாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

இருவரையும் பரிசோதனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாட்டில்கள் போயின. கமலாக்காவை மட்டும் டாக்டரே கூட்டிக்கொண்டுபோய், முட்டிக்கான எக்சர்சைஸ் சொல்லித்தருகிற பிரிவில் விட்டார். இப்போது தினமும் காலையில் முட்டிக்கடியில் டவலைச் சுருட்டி வைத்து அழுத்துகிறார். பஸ் படியில் வலி இருக்கிறதாம், ஆனால் முன்பு மாதிரி இல்லையாம். மருந்தா, மாவா, டவலா? ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

ஸ்ரீராம்புரத்து அம்மாவும் சேர்ந்துவிட்டார். எங்கள் கதை முழுவதையும் கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம்.

நேற்று டாக்டர் ஷோபா போன் செய்தார். புதிதாகச் சேர வருகிறவர்களிடம் இப்போது முதல் வேலையாக ஒன்று கேட்கிறாராம்: 'உங்கள் வீட்டிலோ எதிர்வீட்டிலோ வேறு யாராவது இந்த மருந்தைச் சாப்பிடுகிறார்களா?'

மருத்துவ உலகத்துக்கு நானும் கமலாக்காவும் செய்த சேவை – அந்த 'எதிர்வீட்டிலோ'!