நண்டுக் கால் கடிக்க முடியாத மாதம்

உறுப்புக்கு ஆபத்து நேரும் நிலையில் முன் அனுமதி தேவையில்லை. சிகிச்சையைத் தொடங்கிவிட்டுத் தெரிவித்தால் போதும். எங்கள் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டு விதி இது. பணியில் இருந்தபோது நானே பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

ஆடி மாதம், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரான தோணிரேவில், முகம் மழித்துக்கொண்டிருந்தபோது வலக்கண் அணைந்தது. வலி இல்லை. இடக்கண்ணை மூடிப் பார்த்தேன். ஏரி இல்லை.

சென்னையில் ஒரு மருத்துவமனையில், விழித்திரைத் தமனி அடைப்பு (கண்ணின் உட்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது) என்றார்கள். எது அடைத்தது என்று தெரியவில்லை. இதயம், கழுத்து ரத்தக்குழாய், சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தன. இவ்வளவு ஆரோக்கியமான குருடனை அவர்கள் பார்த்ததில்லை.

மறுநாள் வந்த பெண் மருத்துவர், "மெல்லும்போது தாடை வலிக்குதா?" என்றார்.

இல்லை என்றேன். நண்டை உடைத்துத் தரச் சொல்லும் ஆம்பளையை எங்கள் ஊரில் சாகும்வரை கேலி செய்வார்கள்.

என் மனைவி விடவில்லை. "அத்த ஏன் கேக்குற டாக்டரம்மா! ஒரு மாசமா நண்டுக் கால நான்தான் ஒடச்சிக் குடுக்குறேன். ரிட்டயர் ஆயும் பல்லுக்கு ஒரு பியூன் கேக்குதுனு நெனச்சேன்."

மருத்துவர் சிரிக்கவில்லை. என் நெற்றிப்பொட்டை அழுத்தினார். கத்திவிட்டேன்.

"தல சீவும்போதும் இப்டித்தான்," என்றாள் மனைவி. "ஆடிக் காத்துனு தைலம் தேச்சேன்."

பொட்டுத் தமனி அழற்சி (நெற்றியோர ரத்தக்குழாய்ச் சுவர் வீங்குவது, கண்ணுக்குப் போகும் குழாய்களையும் அடைத்துவிடும்). "போன கண்ணு வராது. இருக்கிற கண்ணுக்கு உடனே ஸ்டீராய்டு ஏத்தணும்," என்றார்.

காப்பீட்டு மேசையில் இருந்தவர், "அப்ரூவல் வரணும் சார்," என்றார். விதியைச் சொன்னேன்.

"உறுப்பு போனாதான் சார் அவசரம். உங்களுக்குத்தான் இன்னொண்ணு இருக்கே?"

நாங்களே கட்டுகிறோம் என்றோம். கோப்பைத் திறந்தாகிவிட்டதாம், மூட முடியாதாம். உட்கார்ந்திருந்தோம். மதியம், பேசிக்கொண்டிருந்த அவருடைய வாய் மறைந்தது. கண்கள் மட்டும் தெரிந்தன. என் இடக்கண்ணின் கீழ்ப்பாதி போயிருந்தது.

செய்தி கேட்டு மருத்துவரே இறங்கி வந்து, அந்த நடைவழியிலேயே மருந்தை ஏற்றினார். மேல்பாதி தங்கியது.

தாடை வலி மறுநாளே போய்விட்டது. இப்போது நண்டைக் கடிக்கிறேன். தட்டைத்தான் முகத்துக்கு மேலே தூக்க வேண்டியிருக்கிறது. படகுத்துறையில் என் கால்கள் எனக்குத் தெரிவதில்லை. ஒவ்வோர் அடியும் வைத்த பிறகுதான் நடந்ததாகிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்களே, மெல்லும்போது தாடை வலித்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அனுமதி கேட்டதற்குக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. தாளை நெற்றிக்கு மேல் பிடித்துப் படித்தேன். 'ஒரு கண்ணில் பார்வை இருந்ததால் அவசரநிலையாகக் கருத இயலாது.'

ஆடியில் கேட்டதற்கு இது வந்து சேர்ந்த நாள், டிசம்பர் ஒன்பது.