முன்சீட்டுக்கு ஒற்றைக்கால்

ஜமுனாமரத்தூர் சந்தை முடிந்து ஜீப்பு கிளம்ப நிற்கிறது. முன்னால் ஓர் இடம்தான் காலி. பின்னால் உட்கார்ந்தால் மலை வளைவில் குடல் வாய்க்கு வந்துவிடும்.

“பள்ளிக்கூடம் பார்க்காமல் மூட்டை தூக்கியே முதலாளி ஆன உடம்பு இது. ஒருநாளும் தள்ளாடியதில்லை” என்கிறேன்.

அதே இடத்துக்கு நிற்கும் மலைக்காரம்மா சிரிக்கிறாள். “அப்டீங்களா பெருசு? கண்ண மூடிக்கினு ஒத்தக் கால்ல நில்லுங்க. பத்து எண்றவரைக்கும் நின்னா சீட்டு ஒங்களுக்கு.”

கண்ணை மூடியதும் தரையே ஆடுகிறது. ஒரே ஒரு விரலை ஜீப்பின் தகரத்தில் மெல்ல வைக்கிறேன். ஆட்டம் நின்றுபோகிறது. தூண் மாதிரி நிற்கிறேன்.

“ஏழு, எட்டு…” என்றவள் டிரைவரைக் கூப்பிடுகிறாள். “அண்ணே, பெருசு வண்டியத் தொட்டுக்கினு கீறாரு. கொஞ்சம் நகத்து.”

இப்போது பின்னால், என் புளிமூட்டை மேல் உட்கார்ந்து வருகிறேன். விழுந்தது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் முதலில் நகர்ந்தது ஜீப்பு.