நசீரும் இரண்டு கடைசி ரீல்களும்

நண்பர்களே, நசீர் செத்துவிட்டான், நம்ம லாரி ஷெட்டு நசீர், டென்ட் கொட்டாயின் இடப்பக்க மணலைக் கட்டி ஆண்ட நசீர், என் மூக்கை உடைத்த நசீர், ஜாக்கி நழுவி லாரிக்கு அடியில் சிக்கிச் செத்தே போய்விட்டான்!

உரக்கடையில் யூரியா மூட்டையைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தேன். என் கூட்டாளி வேலு சைக்கிளை ஸ்டாண்டுகூடப் போடாமல் ரோட்டில் தள்ளிவிட்டு ஓடிவந்தான்.

“டேய், நசீரு செத்துட்டான்டா.”

“எந்த ரீல்ல?” என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். எங்களுக்குள் சாவு என்றால் அந்த ஒரு படத்தில் வரும் சாவுதான். வேலு என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். அப்போதுதான் அவன் கையில் முழங்கை வரை ரத்தம் இருப்பதைப் பார்த்தேன். லாரியைத் தூக்கிய ஆட்களில் அவனும் ஒருவன்.

இந்த சைக்ளோஸ்டைல் தாள் வெளியூர் ரசிகர்களுக்கும் போகிறது. அதனால் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பிறப்பதற்கு முன்பே எடுத்த இங்கிலீஷ் படம். அதன் பெயர் எங்களில் யார் வாயிலும் நுழையாது. செஞ்சியில் அதற்கு ‘இரும்புத்தேள்’ என்று பெயர். வானத்தில் போகும் கப்பலுக்குள் வீட்டளவு இயந்திரத் தேள் ஒன்று வெறிபிடித்து ஆட்களைக் கிழிக்கிறது. கப்பலின் மேஜர் எல்லோரையும் அடுத்த அறைக்குத் தள்ளிவிட்டு, தான் மட்டும் தேளோடு உள்ளே நின்று கதவைத் தாழ்ப்பாள் போடுகிறான். நீளமான பிரதியில் தேள் அவனைத் துண்டுதுண்டாகக் கிழித்துப் போடுகிறது. கையுறை ஒன்று மட்டும் மிதக்கிறது. படம் முடிந்தது. வெட்டிச் சுருக்கிய பிரதியில் கிழிக்கிற காட்சியே கிடையாது. புகைக்குள்ளிருந்து மேஜர் நடந்து வருகிறான். அதுவும் முடிந்தது.

மெட்ராஸிலிருந்து முதல் தடவை பெட்டி வந்தபோது கடைசி ரீல் இரண்டு இருந்தது, பிரதிக்கு ஒன்றாக. ஆபரேட்டருக்கு அது தெரியாது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிவிட்டார். மேஜர் கிழிபட்டுச் செத்தான். அடுத்த நிமிஷம் புகைக்குள்ளிருந்து தலைகூடக் கலையாமல் வந்தான். தொண்டூர்க்காரர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று மேஜர் செத்ததுமே எழுந்து ஓடியிருந்தார்கள். அவர்களுக்கு மேஜர் செத்தவன். மணலில் கடைசிவரை உட்கார்ந்திருந்த எங்களில் பெரும்பாலோருக்கு அவன் வந்தவன். மறுநாள் டீக்கடையில் இரண்டு கட்சி.

அன்றைக்குத்தான் நசீரை முதலில் பார்த்தேன். மேஜர் வந்ததும் நான் துள்ளிக் குதித்து, பக்கத்தில் இருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு அவன் காதிலேயே விசிலடித்தேன். அவன் திரும்பினான். கிரீஸ் வாசனையோடு ஒரு குத்து வந்தது. மூக்குத்தண்டு ஒடிந்த சத்தத்தை என் தலைக்குள்ளிருந்தே கேட்டேன்.

“செத்தவனுக்கு இன்னாத்துக்குடா விசில்?” என்றான்.

“அதான் வந்துட்டானே!”

“எவன் சொன்னான்? இது வேற ரீலுடா, குருடு! தொப்பி வேற, சட்ட வேற. ஒட்டிவுட்டுக்கிறான், பாரு!”

மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். சட்டை வேறுதான். அதற்காக ஒப்புக்கொள்ள முடியுமா? ரத்தம் வாய்க்குள் இறங்க, அவன் வயிற்றில் உதைத்தேன். இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் வெளியே தூக்கிப் போட்டார்கள்.

அதற்கப்புறம் பொங்கலுக்குப் பொங்கல் படம் வந்தது. ஒரு ரீலைத்தான் ஓட்டவேண்டும் என்று கம்பெனி ஆள் சொல்லிவிட்டுப் போனதால் கொட்டாய் முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். இடைவேளையில் திரைக்கு முன்னால் வந்து நிற்பார். இடப்பக்க மணல் “செத்தான்” என்று கத்தும். வலப்பக்கம் “வந்தான்” என்று கத்தும். எந்தப் பக்கம் சத்தம் பெரிதோ அந்த ரீல். வேறு எந்த ஊர்க் கொட்டாயில் படத்தின் முடிவைத் தொண்டையால் தீர்மானித்தார்கள்? கத்தல் அடிதடியாக எத்தனை நேரம் ஆகும்? சோடா பாட்டில் பறக்கும். பெஞ்சுக் கால் பிடுங்கப்படும். பல் போனவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. நான் வலப்பக்கத்துக்குத் தலைவன். அடிபட்டுக்கொண்டே கத்துவதில் நசீரை மிஞ்ச ஆளில்லை.

ஆனாலும் பெரும்பாலும் நாங்கள்தான் ஜெயித்தோம். காசு கொடுத்து வந்தவர்களுக்கு மேஜர் உயிரோடு வேண்டும். நசீர் ஜெயித்தது ஒரே ஒரு பொங்கலில். ஷெட்டிலிருந்து காலி டீசல் பீப்பாய்களை உருட்டிவந்து, சம்மட்டியால் அடித்துக்கொண்டே இடப்பக்கம் கத்தியது. முதலாளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “போதும்டா, செத்தான், செத்தான், செத்தே போவட்டும்!” என்று அலறினார்.

தேள் கொடுக்கைத் தூக்கியபோது எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் கரும்பு வெட்டும் கத்தியோடு திரைக்கு ஓடினான். மேஜரின் நெஞ்சுவரை ஒரே கிழி. இரண்டாவது வெட்டு விழுவதற்குள் நசீர் பாய்ந்து வெறுங்கையால் கத்தியைப் பிடித்தான். வெள்ளைத் திரையில் ரத்தம் தெறித்தது. படம் நிற்கவில்லை. கிழிந்த இரண்டு ஓரங்களையும் ரத்தக் கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். மேஜர் அவன் முதுகின் மேலேயே சாக ஆரம்பித்தான்.

“டேய், தலய குனிடா, மேஜர் தெரியல!” என்று மணலிலிருந்து கத்தினார்கள். அவனுடைய பக்கத்து ஆட்களேதான்.

நசீர் குனிந்தான். கையுறை மிதந்து முடியும்வரை திரையை விடவில்லை.

சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் மிதித்தேன். அந்த ரத்தத்தைப் பார்த்து வேறு யாருக்கும் அவன் பக்கம் போகத் தைரியம் இல்லை. அவன் கையிலிருந்து என் சட்டை முதுகெல்லாம் நனைந்தது.

“ஏன்டா, அவன் வந்தா ஒனக்கு இன்னாடா கொறஞ்சிடும்?” என்று கேட்டேன்.

“அவன் வந்துட்டா, உள்ள நின்னு தாப்பா போட்டானே, அதுக்கு இன்னாடா மதிப்பு? நானுந்தான் போடுவேன், திரும்பி வருவேன்னு தெரிஞ்சா.”

“பாக்க வந்தவன் அழுதுக்கினு போவணுமா?”

“அழுவட்டுமே. அழுதா செத்துடுவானா?”

கொஞ்ச தூரம் போனதும் என் காதருகே, “மூக்கு இன்னும் வலிக்குதா?” என்றான்.

“மழ வந்தா வலிக்குது.”

“நல்லது. என்ன நெனச்சிக்க” என்று சிரித்தான் அந்தப் பாவி.

அவன் சாவில் மேஜரும் இல்லை, தேளும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்ப்ரிங் பட்டையைப் பார்க்க லாரிக்கு அடியில் படுத்திருக்கிறான். ஜாக்கி நழுவியது. அவ்வளவுதான். யாரையும் காப்பாற்றவில்லை. கடைசி வார்த்தை என்று ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கியபோது நெஞ்சு இருந்த இடம் பள்ளமாக இருந்தது. தழும்பு விழுந்த அந்தக் கை மட்டும் அப்படியே இருந்தது. விரல்கள் எதையோ இழுத்துப் பிடித்த மாதிரி மடங்கியிருந்தன. நான் வெளியே வந்து சுவரைக் குத்தினேன். முட்டி கிழிந்து எலும்பு தெரியும்வரை குத்தினேன்.

அடக்கம் செய்யும் இடத்தில் நானும் ஒரு கை மண் போட்டேன். மண்வெட்டியால் தள்ளிய மண் விழுந்த வேகத்தில் புழுதி எழும்பியது. பார்த்துக்கொண்டே நின்றேன். சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் புழுதிக்குள்ளிருந்து அவன் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவான் என்று பார்த்தேன்.

நசீரின் அத்தா என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தை உற்றுப் பார்த்தார். “எம்மவன் கையால மூக்கு ஒடஞ்ச புள்ள நீதானா?” என்றார். தலையாட்டினேன். விரலால் என் மூக்குத்தண்டைத் தடவிப் பார்த்தார். “கோணலாத்தான் கூடியிருக்குது” என்றார். எனக்கு அங்கேதான் உடைந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியை ஒரேயடியாகத் திருப்பிக் கேட்டு மெட்ராஸிலிருந்து ஆள் வந்தாயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம்தான் செஞ்சியில் இரும்புத்தேளுக்குக் கடைசி. இனி வராது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, “கத்தறதுக்கு எதிர்ப்பக்கம் ஆள் ஏதுடா? எந்த ரீலுன்னு நீயே சொல்லிடு” என்றார். வலப்பக்கம் முழுக்க ஒரே பேச்சு. “நசீருக்காக மேஜர வரவைப்போம்டா, அவன் ஆத்மா குளுந்து போவட்டும்” என்கிறான் வேலு. அழுதுகொண்டேதான் சொல்கிறான். அவனை நான் அடிக்கவில்லை. சட்டையைப் பிடித்ததோடு விட்டுவிட்டேன்.

குளிராது வேலு. எழுந்து வந்து உன் மூக்கையும் உடைப்பான்.

நசீரிடமிருந்து எனக்கு மிச்சம் இந்தக் கோணல் மூக்கும், சைக்கிளில் என் முதுகுக்குப் பின்னால் அவன் பேசிய பேச்சும்தான். அந்தப் பேச்சுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகிறேன். முதலாளியிடம் நானாக ரீலைச் சொல்ல மாட்டேன். வழக்கப்படி இடைவேளையில் கேட்கட்டும். நான் இடப்பக்க மணலில், அவன் உட்காரும் இடத்தில் இருப்பேன்.

ஷெட்டு ஆட்களே, பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வாருங்கள். தொண்டூர்க்காரர்களே, ஒரே ஒரு நாள் பஸ்ஸை விடுங்கள். வலப்பக்கத்து நண்பர்களே, நீங்களும் வாருங்கள், எனக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்துங்கள். கத்தாமல் விட்டுக்கொடுத்தால் அவனுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. இந்தத் தாளைப் படித்ததும் அடுத்தவர் கையில் கொடுங்கள். இடப்பக்கத்தில் ஒரு ஆள் குறைகிறது. சத்தம் குறையக் கூடாது.